சீமை, சர்க்கார், நாடு: மண்ணின் மரங்களும் அவற்றின் பெயர்களும்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கத்தை அடுத்துத் தமிழக எல்லை முடிந்து தடா தொடங்குகிறது. நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்குகிறது. கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் அதற்கப்பால் ஸ்ரீஹரிகோட்டாவும், மேற்கே சத்தியவேடு வட்டாரத்துக் குன்றுகளும் உப்பலமடுகு அருவியும் அமைந்துள்ளன. ஆந்திர–சென்னை எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேட்டுப் பகுதி சித்தூர் மாவட்டத்துக்கும் மாறின. அன்று மக்களின் முகவரி மாறியது. செடிகொடிகளுக்கு அவ்வாறு எதுவும் நேரவில்லை. ஆயினும் அவற்றின் பெயர்கள் இவ்வெல்லையில் மாறுகின்றன.

இரு மாநிலங்களிலும் சாலையோரத்தை நிறைத்து நிற்பது ஒரே முள்மரமே. தெற்கே அதன் பெயர் சீமைக்கருவேலம். வடக்கே ‘சர்க்காரு தும்ம’. ஒன்று மரம் வந்த இடத்தைச் சுட்டுகிறது, மற்றொன்று அதைக் கொண்டுவந்தவரைச் சுட்டுகிறது. மண்ணுக்குரிய மரங்களை மீண்டும் வளர்க்க முனையும் குடிமக்கள் குழுக்கள் அண்மைப் பதிற்றாண்டுகளில் பல தோன்றியுள்ளன. அவற்றின் வரலாற்றைச் சூழலியல் நோக்கில் எழுதியோர் உளர். பெயர்ப்பலகை எழுதுவதும், நாற்றுப் பட்டியல் அச்சிடுவதும், வழிநடையில் மரத்தைச் சுட்டிப் பெயர் கூறுவதும் மொழிப்பணியாதலால், அவ்வரலாற்றைச் சொல்வழியே காண இக்கட்டுரை முற்படுகிறது. பெயர் பிழைத்தால் நடப்படும் கன்றும் பிழைபடும் என்பதே இதனை ஆராயத் தூண்டிய காரணம்.

சீமையும் சர்க்காரும்

‘சீமை’ என்பது எல்லை எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்தது. எல்லைக்குட்பட்ட நிலப்பகுதி என்னும் பொருளில் சிவகங்கைச் சீமை முதலிய வழக்குகள் எழுந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் அதே சொல் கடல் கடந்த நாட்டை, சிறப்பாக இங்கிலாந்தை, உணர்த்தலாயிற்று. சீமெண்ணெய், சீமைச்சுண்ணாம்பு, சீமைச்சாராயம் ஆகியன அவ்வகையின. தன் நிலத்தைக் குறித்த சொல்லே அயல் நிலத்தின் அடையாளமான இம்மாற்றம் தெலுங்கிலும் நிகழ்ந்துள்ளது. கொடுக்காப்புளியைத் தெலுங்கர் ‘சீம சிந்த’, அதாவது சீமைப்புளி என்பர். அதே ‘சீம’ 1928இல் சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கு ராயலசீமை எனப் பெயரிடுகையில் தன் பழைய பொருளோடு நின்றது. ஆகவே தெலுங்கு நூலொன்றில் ‘சீம’ என்னும் அடையைக் காணும் மொழிபெயர்ப்பாளர், அது சொந்த மண்ணைக் குறிக்கிறதா அயல்மண்ணைக் குறிக்கிறதா என்பதைச் சூழல்கொண்டே துணிய வேண்டும்.

அயல்தன்மையை உணர்த்தும் அடைகள் தமிழில் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. போர்த்துகீசியர் காலத்துப் ‘பறங்கி’ முதல் அடுக்கு. பறங்கிக்காய் அதன் எச்சம். ‘சீமை’ இரண்டாவது. மூன்றாம் அடுக்கில் அடையே இல்லை. குல்மோகர், கோனோகார்ப்பஸ் என அயற்பெயரே நிற்கிறது.

மரங்களை இறக்குமதி செய்தலும் ஒரு காலத்தில் குடிமக்கள் குழுவின் பணியாகவே இருந்தது. 1835இல் சென்னையில் நிறுவப்பெற்ற வேளாண்–தோட்டக்கலைச் சங்கம் ஆர்வலர்கள் ஒன்றுகூடி அமைத்தது. பயன்தரும் அயல் பயிர்களையும் அழகு மரங்களையும் இங்கே பழக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அச்சங்கத்தோடு தொடர்பு கொண்டிருந்த ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத்தொகுதிகளுக்கு ரங்கையா, கோவிந்து என்னும் ஓவியர்கள் படம் வரைந்தனர். உள்நாட்டுத் தாவரத்தை நுணுகி அறிவதும் அயல் தாவரத்தைப் பரப்புவதும் ஒரே கூட்டத்தாரின் பணியாய் இருந்தமையை இன்றைய ஆர்வலர்கள் மறந்துவிடுகின்றனர்.

இவ்விரட்டைத் தன்மைக்குப் பெடோம் என்னும் வனத்துறை அலுவலரைவிடச் சிறந்த சான்று இல்லை. சென்னை மாகாண வனக் காப்பாளராயிருந்த அவர் 1876இல் வேண்ட, ஜமைக்காவிலிருந்து சீமைக்கருவேல விதை தருவிக்கப்பட்டு, 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. பிற்காலத்தில் விமானத்திலிருந்து தூவப்பட்டது என்னும் செவிவழிச் செய்தி தமிழகத்தில் பரவலாக வழங்குகிறது. ஆனால் விதை இம்மண்ணைத் தொட்டது அதற்கும் நெடுங்காலம் முன்னரே. அரசு நட்ட மரம் என்பதைத் தெலுங்கின் ‘சர்க்காரு’ ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. மறுபுறம், கடப்பை, திருப்பதி மலைகளுக்கே உரிய, வேறெங்கும் இயல்பாக வளராத சைக்கஸ் இனம் ஒன்று 1883இல் பெடோமின் பெயரால் வழங்கப்பெற்றது. பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் முதல் இணைப்பில் இடம்பெறுமளவு அது அருகிய இனம். மண்ணுக்கு முற்றிலும் உரிய செடி, அயல்மரத்தைக் கொணர்ந்தவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சீமைக்கருவேலம் பரவியதனால் நம்முடைய பழைய கருவேலத்துக்கும் ஓர் அடை தேவைப்பட்டது. முன்பு கருவேலம் என்றாலே போதும். பின்னர் ‘நாட்டுக் கருவேலம்’ எனக் கூற வேண்டியதாயிற்று. புதியது வந்தபின் பழையதற்கு அடை சேரும் இந்நிகழ்வு மொழியியலார் அறிந்ததே. அறிவியற் பெயராவது நிலைபெற்றது என்று கருதுவோர், இக்கருவேலம் அண்மையில் அகேசியா என்னும் பேரினப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு விட்டுக்கொடுத்து வச்சேலியா ஆனதையும், 2022இல் சீமைக்கருவேலம் புரோசோபிஸ் பேரினத்திலிருந்து பிரிக்கப்பட்டு நெல்டுமா ஆனதையும் எண்ணிப் பார்க்கலாம். ஊர்மக்கள் இட்ட பெயர்கள் இவ்விரண்டினும் உறுதியாக நின்றுள்ளன.

‘மரம்’ என்பதிலிருந்து ‘எந்த மரம்’ என்பதற்கு

1950இல் மத்திய அமைச்சர் கே. எம். முன்ஷி தொடங்கிய வனமகோத்சவம் மரம் நடுதலைப் பொதுமக்களின் விழாவாக்கியது. 1981இல் சுவீடன் நாட்டு உதவியுடன் தமிழகத்தில் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டம் அதனை ஊர்ப் புறம்போக்குக்கும் ஏரிகளுக்கும் கொண்டுசென்றது. இக்காலத்து முழக்கங்களில் ‘மரம்’ என்னும் பொதுச்சொல்லே ஆட்சி செய்தது. எந்த மரம் என்னும் வினா எழவில்லை.

அவ்வினாவை எழுப்பிய முயற்சிகளுள் முதலில் கூறத்தக்கது 1968இல் நிறுவப்பெற்ற ஆரோவில். அரிப்புற்ற செம்மண் மேட்டில் குடியேறியோர் தொடக்கத்தில் கைக்கொண்டது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, விரைந்து வளரும் ஓர் அகேசியாவையே. தமிழ் உழவர் அதற்குக் ‘கத்திச் சவுக்கு’ எனப் பெயரிட்டனர். சவுக்கே வந்தேறி மரம். அதனைத் தலைச்சொல்லாக்கி இன்னொரு வந்தேறிக்குப் பெயரிட்டமை, அயற்சொல் எத்துணை விரைவில் வேரூன்றுகிறது என்பதற்குச் சான்று. பின்னர் அங்குள்ளோரின் கவனம் கரையோரத்தின் சொந்தக் காட்டின்மேல் திரும்பியது. 1973இல் ஜோஸ் புரூக்ஸ் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் வனம் அவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

அச்சொந்தக் காடு எது? ஏறத்தாழ இராமநாதபுரம் முதல் விசாகப்பட்டினம் வரை சோழமண்டலக் கரையையொட்டித் துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடே அது. மழை குறைவு, அதுவும் வடகிழக்குப் பருவத்தில் குவிந்து பெய்வது. ஆயினும் இலை உதிர்வதில்லை. பாலை, காயா, வீரை, இரும்பிலி, காட்டெலுமிச்சை ஆகியன இதன் உறுப்புகள். பெரும்பாலும் அய்யனார் கோயில்களைச் சூழ்ந்த தோப்புகளிலேயே இது பிழைத்தது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயிற்காடு தாவரவியலார் பலர் ஆராய்ந்த ஒன்று. எஞ்சியவற்றுள் பரப்பால் பெரிய துண்டுகளுள் ஒன்று தடாவுக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் சென்னையின் அடுப்புகளுக்கு விறகு தந்த அத்தீவு, 1969இல் ஏவுதளத்துக்கெனத் தேர்வு செய்யப்பட்டபின் வெளியார் நுழைய இயலாததாகி, காடும் தப்பியது. ஆனால் அக்காட்டின் கனிகளையும் கிழங்குகளையும் பெயர் சொல்லி அறிந்திருந்த யானாதிகள் தீவிலிருந்து அகற்றிக் குடியமர்த்தப்பட்டனர். காடு ஓரிடத்திலும் அதன் சொற்கள் வேறிடத்திலும் ஆயின.

கோயிற்காடுகளில் விதை பொறுக்கச் சென்ற ஆர்வலர்களுக்கு விதையோடு பெயரும் தேவைப்பட்டது. கேம்பிள் 1915இல் தொடங்கி, ஃபிஷர் 1936இல் நிறைவுசெய்த சென்னை மாகாணத் தாவர நூலிலும், திருச்சிராப்பள்ளி ராபினட் உலர்தாவர நிலையத்தின் கே. எம். மேத்யூ 1980களில் வெளியிட்ட தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவர நூலிலும் பெயர்கள் ஓரளவு கிடைத்தன. பிறவற்றை ஆடு மேய்ப்போர், விறகு எடுப்போர், நாட்டு வைத்தியர், இருளர் ஆகியோரிடமே கேட்க வேண்டியிருந்தது. செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பெண்கள் நல அமைப்பு மூலிகை நாற்றங்கால் நடத்தி, அவ்வறிவைத் தாங்களே பயன்கொள்ளும் வழியைக் கண்டமை இவ்வரலாற்றின் சிறந்த பகுதி. ஏனையோர் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தனர். கொடுத்தவரின் ஊரைப் பெரும்பாலும் குறித்து வைக்கவில்லை.

நகரில் இப்பணியை முன்னெடுத்தோருள் 2005இல் சென்னையில் தோன்றிய ‘நிழல்’ அமைப்பு முக்கியமானது. அடையாற்றங்கரையில் குப்பை கொட்டுமிடமாயிருந்த நிலத்தில் 2006 முதல் கோட்டூர்புரம் மரப்பூங்காவை அதன் தொண்டர்கள் உருவாக்கினர். மரங்களைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்யும் வழிநடைகளையும் நடத்தினர். அடையாற்றுக் கழிமுகத்தில் பிச்சாண்டிக்குளத்தார் துணையுடன் மீட்டெடுக்கப்பட்ட 58 ஏக்கர் நிலம் 2011 ஜனவரியில் ‘தொல்காப்பியப் பூங்கா’ என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. இலக்கண ஆசிரியரின் பெயர் பொருத்தமற்றதன்று. மரபியல் தாவரங்களைப் பகுக்கும் பகுதியும் ஆகும். புறத்தே வயிரமுடையவை புல், அகத்தே வயிரமுடையவை மரம் என்னும் அப்பகுப்பின்படி பனை புல்லாகிவிடுகிறது. நாட்டு மரப் பட்டியல்களில் பனையும் இடம்பெறுகிறது என்பதை இங்கே புன்முறுவலுடன் குறிப்பிடலாம்.

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயல் சென்னையில் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தது. வீழ்ந்தவற்றுள் தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, குல்மோகர் ஆகிய அயல் மரங்கள் மிகுதியாகக் காணப்பட்டமையால், ‘நாட்டு மரம் நடுவோம்’ என்னும் குரல் தெருவோரக் குழுக்கள் வரை சென்றது. 2022இல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்த கொள்கையையும் வெளியிட்டது.

மூன்று பெயர்கள்

கரைக்காட்டின் மிகப் பொதுவான சிறுமரம் காயா. நீலப்பூவால் சங்கப் பாடல்களிலும் திருமாலின் நிறத்துக்கு உவமையாகவும் அறியப்பட்டது. பி. எல். சாமி, கு. சீனிவாசன் ஆகியோரின் சங்கத் தாவர ஆய்வுகள் இதனை மெமிசைலான் என அடையாளம் காட்டின. ஊர்வழக்கில் இது காசா, காசான் எனத் திரிந்து வழங்குகிறது. தடாவைக் கடந்ததும் இதே மரம் ‘அல்லி’. தெலுங்குப் பட்டியலைப் பெயர்க்கும் தமிழருக்கு அல்லி என்றால் குளத்துப் பூ. கரையோர மணலுக்கான பட்டியலில் நீர்ப்பூ புகுந்தால் பிழை உடனே கண்ணிற்படும். குளக்கரைக்கான பட்டியலாயின் எவர் கண்ணிலும் படாது.

‘பாலை’ வேறு வகைச் சிக்கல். பால் வடிதல் என்னும் பண்பால் அமைந்த பெயராதலின், இருமொழியிலும் ‘பால–பாலை’ என ஏறக்குறைய ஒத்து நிற்கிறது. உலக்கைக்கு உதவும் கனிமரமான உலக்கைப்பாலை, வெட்பாலை, ஏழிலைப்பாலை ஆகியன வெவ்வேறு மரங்கள். அடையின்றிப் ‘பாலை’ என்று எழுதும் பட்டியலைக் கையில் கொண்டு நாற்றங்காலுக்குச் செல்பவர் இவற்றுள் கிடைத்ததை வாங்கி வருவார்.

மிகுந்த கேடு விளைப்பது ‘கொன்றை’ என இக்கட்டுரையாளர் கருதுகிறார். சரக்கொன்றை இங்கு இயல்பாக வளர்வது. மடகாஸ்கரின் குல்மோகர் மயிற்கொன்றை எனவும், தென்கிழக்காசியப் பகுதியிலிருந்து வந்தது பெருங்கொன்றை எனவும், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து முதுமலைக் காட்டை நிறைத்துவரும் சென்னா இனம் மஞ்சக்கொன்றை எனவும் வழங்குகின்றன. சிவபெருமான் சூடிய பூவின் பெயரைத் தாங்கியமையால் இவை அயலார் எனத் தோன்றுவதில்லை. பெருங்கொன்றைக்கு ‘இயல்வாகை’ என்றும் ஒரு பெயருண்டு; இயல்பாக இங்கு இல்லாத மரத்துக்கு ‘இயல்’ என்னும் அடை! தூங்குமூஞ்சியைத் தமிழர் வாகையோடும் தெலுங்கர் கன்னேருவோடும், அதாவது அலரியோடும், சேர்த்தனர். ஆயினும் இலை கூம்பி உறங்குதலை இருசாராரும் கண்டு ‘தூங்குமூஞ்சி’, ‘நித்ர கன்னேரு’ எனப் பெயரிட்டது மகிழ்ச்சி தருவது. பெயர் நன்கு அமைந்த அளவுக்கு மரமும் நம்முடையதாகிவிட்டது.

எதிர்மறைச் சான்றும் உண்டு. புளி ஆப்பிரிக்க மரம். தமிழில் புளி, தெலுங்கில் சிந்த; இரண்டிலும் அயல்தன்மையின் சுவடு இல்லை. உலகம் அதனை அழைக்கும் பெயரோ ‘இந்தியப் பேரீச்சை’ என்னும் பொருளுடைய அரபுத் தொடரிலிருந்து வந்தது. எனவே சொல் தூயதாயிருத்தலை மரத்தின் பிறப்பிடத்துக்குச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது.

‘நாட்டு’ என்னும் அடை

குழுக்களின் வெளியீடுகளில் நாட்டு மரம், மண்ணின் மரம், மரபு மரம், சுதேசி மரம், உள்ளூர் இனம், இயல் தாவரம் என்னும் பெயர்கள் கலந்து வருகின்றன. ‘சுதேசி’ அரசியல் நினைவை ஏற்றுகிறது. ‘மரபு’ நெடுநாள் வழக்கைச் சுட்டுவதால் புளியையும் உள்ளடக்கிக்கொள்கிறது. ‘இயல்’ இயல்வாகையால் கெட்டது. மக்கள் வாயில் நிலைத்தது ‘நாட்டு’ ஒன்றே. தெலுங்கின் ‘நாட்டு கோடி’ (நாட்டுக்கோழி) காட்டுவதுபோல் எல்லைக்கு அப்பாலும் விளங்குவது.

ஆனால் ‘நாட்டு’ இரண்டு முரண்களில் இயங்கும் சொல். சீமைக்கு எதிராக நிற்கையில் அது இந்நாட்டினது எனப் பொருள்படும். அதற்கு முற்பட்ட முரண் காடு–நாடு என்பது. அங்கே நாட்டினது என்றால் குடியிருப்பைச் சார்ந்தது, காட்டினது அன்று. காட்டெலுமிச்சையை எடுத்துக்கொள்வோம். தெலுங்கிலும் அது ‘அடவி நிம்ம’. பழைய முரணில் அது நாட்டுச் செடியன்று. பெயரே அதனைக் காட்டுக்குரியது என்கிறது. புதிய முரணிலோ கரையோரத்தின் நாட்டு மரங்களுள் அதற்கு முதலிடம் தர வேண்டும். ‘நாட்டு மரம் நடுவோம்’ என்று துண்டறிக்கை கொடுக்கும்போது உழவர் வேம்பு, புளி, மா என்று பொருள்கொள்வதில் குற்றமில்லை. அவர் சொல்லின் பழைய பொருளில் நிற்கிறார்.

எந்த நாடு என்பது அடுத்த வினா. ‘தமிழ்நாட்டு மரங்கள்’ என்னும் தலைப்பு ஆரம்பாக்கத்தில் நின்றுவிடுகிறது; காயாவும் வீரையும் நிற்பதில்லை. மறுதலையாக, எர்ர சந்தனம் எனப்படும் செம்மரம் சேஷாசலம் முதலிய கிழக்கு மலைத்தொடரின் தென்பகுதிக் குன்றுகளுக்கே உரியது. ஆந்திர மாநிலத்துக்கு உரியது என்று கூறி அதனைத் தடாவின் ஏரிக்கரை மணலில் நட்டால், சென்னையில் குல்மோகர் நட்டதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு தொலைவு மட்டுமே. ‘செம்மரம்’ எனப் பழைய தாவர நூல்களில் சோய்மிடா என்னும் வேறொரு மரமும் குறிக்கப்படுவதால், இருமொழிப் பட்டியல்களில் எர்ர சந்தனத்துக்குச் செஞ்சந்தனம் என எழுதுவதே பாதுகாப்பானது.

திணைப் பெயர்களைக் கையாளலாம் என்று கூறுவோரும் உளர். நெய்தல் மரம், முல்லை மரம் என்பன செவிக்கு இனியவை. ஆயினும் திணை பாடல் மரபுக்கென அமைந்த பகுப்பு. உலர் பசுமைமாறாக் காடு கடற்கரை மணலிலும் நிற்கிறது, உள்நாட்டுச் செம்மண் மேட்டிலும் நிற்கிறது. அதனை எத்திணையுள் அடக்குவது என்பதற்கு உரையாசிரியர்கள் விடை கூறவேண்டிய தேவை இருந்ததில்லை. எனவே ஆவணங்களைப் பெயர்ப்போர் ‘நாட்டு’ என்பதைப் பொது அடையாக வைத்துக்கொண்டு, ஒவ்வோரிடத்தும் நிலப்பகுதியை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்: ‘சோழமண்டலக் கரைக்காட்டு நாட்டு மரங்கள்’, ‘சேஷாசல மலை நாட்டு மரங்கள்’ என்றவாறு. தொடர் நீளும். ஆனால் நாற்றங்காலில் தவறான கன்று வாங்கி, பத்தாண்டு நீரூற்றியபின் வேரோடு பறிப்பதைவிட இது எளிது.

பெயர்ப்பலகையில் அறிவியற் பெயரும் ஒரு தமிழ்ப் பெயரும் எழுதுவதே இன்று பெரும்பான்மை வழக்கம். அத்தமிழ்ப் பெயர் இலக்கியத்திலிருந்து எடுக்கப்பட்டதா, ஊர்மக்கள் கூறியதா, அண்மையில் ஆக்கப்பட்டதா என்பதைப் படிப்போர் அறிய வழியில்லை. ஊர்ப்பெயர் எனின், கேட்ட ஊரையும் ஆண்டையும் சிறிய எழுத்தில் சேர்க்க வேண்டும். கரையோரப் பூங்காக்களில் தெலுங்குப் பெயரும் உடன்வர வேண்டும். பழவேற்காட்டு ஏரியைச் சுற்றிலும், கும்மிடிப்பூண்டியிலும், சூலூர்ப்பேட்டையிலும் இருமொழியும் வழங்கும் ஊர்கள் உள்ளன. காயா, காசா, அல்லி என்னும் மூன்றையும் ஒரே மரத்துக்கு வழங்கக் கேட்டவர்கள் அங்கே இன்றும் விறகு பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் செல்கின்றனர். அவர்களிடம் கேட்டுக் குறித்தல் மொழித்துறை மாணவர் ஒருவர் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கக்கூடிய பணி.